தொப்பை கூடினால் சிறுநீரகத்துக்கும் சுமை கூடும்!

உங்கள் வீட்டுக்காரரின் பேன்ட் இடுப்பளவு கடந்த ஐந்து வருஷத்தில் எத்தனை இஞ்ச் கூடியிருக்கிறது? உங்கள் கல்யாண ரவிக்கையை எத்தனை தடவை பிரித்துத் தைத்திருப்பீர்கள்? கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சாகுபுரம் குடியிருப்பிலிருந்து ஒரு தம்பதி என்னிடம் வந்திருந்தார்கள். அவருக்கு நாற்பத்தாறு வயது. ஆரம்பத்தில் பிளான்ட்டில் ஷிப்ட் வேலை, இப்போது நாற்காலி வேலை. பேச ஆரம்பித்தது அந்த அம்மாதான்.

"டாக்டர், இவுகளுக்கு உடம்பு ரொம்பப் போட்டுட்டு. மாடி ஏறுனா மூச்சு வாங்குதாக. இளைக்கதுக்கு ஏதாவது சூரணம் குடுங்க. கொள்ளுக் கஞ்சி குடிச்சுப் பாத்தாக, ஒண்ணும் கேக்கல."

எடை பார்த்தேன். 86 கிலோ. உயரம் 168 சென்டிமீட்டர். தொப்புளுக்கு நேராக டேப் வைத்தால் 104 சென்டிமீட்டர். பி.பி. 150/96. நாடி பார்த்துக்கொண்டே, "ஒண்ணுக்குப் போனா நுரைக்குதா?" என்று கேட்டேன். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா டாக்டர், ரெண்டு மூணு மாசமா சோப்புத் தண்ணி மாதிரி நிக்குது. பாத்ரூம் கழுவுற பவுடர்னு நெனச்சேன்" என்றார்.

சூரணம் எதுவும் கொடுக்கவில்லை. முதலில் சிறுநீரும் ரத்தமும் டெஸ்ட் செய்துகொண்டு வரச் சொன்னேன். அந்த அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "உடம்பு இளைக்க மருந்து கேட்டா, கிட்னி டெஸ்ட் எடுக்கச் சொல்லுதீகளே, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது. உடம்பு பெருத்தால் சர்க்கரை வரும், பி.பி. வரும், மாரடைப்பு வரும் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிகிறது. சிறுநீரகம் கெடும் என்பது மட்டும் பலருக்குத் தெரிவதில்லை. உலக சிறுநீரக தினத்தை மார்ச் மாதம் இரண்டாவது வியாழக்கிழமை கொண்டாடுகிறார்கள். 2017-ம் ஆண்டு அந்த தினத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளே 'உடல் பருமனும் சிறுநீரக நோயும்' என்பதுதான்.

உடம்பு பெருக்கும்... சிறுநீரகத்தின் சல்லடை பெருகாது!

நம் முதுகுப் பக்கம், விலா எலும்புகளின் அடியில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம்தான். அதற்குள்ளே ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். இவை ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதை எல்லாம் திரும்ப உடம்புக்குக் கொடுத்துவிட்டு, வேண்டாததை ஒன்றரை, இரண்டு லிட்டர் சிறுநீராக வெளியே தள்ளுகின்றன.

இந்த வடிகட்டிகளின் எண்ணிக்கை நாம் பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறது. பிறகு ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது. 60 கிலோ உடம்புக்கு வேலை செய்த அதே வடிகட்டிகள்தான் 90 கிலோ உடம்புக்கும் வேலை செய்தாக வேண்டும்.

நம் கடற்கரைக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். வலையில் அளவுக்கு மேல் பாரம் விழுந்தால் என்ன ஆகும்? வலைக்கண் இழுபட்டு அகலமாகும். தண்ணீர் மட்டும் போக வேண்டிய கண் வழியாக மீனும் நழுவிவிடும். சிறுநீரகத்திலும் அப்படித்தான். பருத்த உடம்புக்காக ஒவ்வொரு வடிகட்டியும் கூடுதல் அழுத்தத்தில் கூடுதலாக வடிக்கிறது. அது வீங்குகிறது. அதன் மெல்லிய சவ்வு இழுபடுகிறது. உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் கசிகிறது. வருஷக்கணக்கில் இது நீடித்தால் வடிகட்டி தழும்பேறிச் செத்துப்போகிறது. செத்த வடிகட்டியின் வேலையும் மிச்சமிருப்பவற்றின் தலையில் விழ, அவையும் சீக்கிரம் களைத்துப்போகின்றன.

இதோடு முடியவில்லை. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சிறுநீரகத்தைச் சுற்றிலும் படிந்து அதை அமுக்குகிறது. உப்பைத் தேக்கி வைக்கும் சுரப்புகளைத் தூண்டி பி.பி.யை ஏற்றுகிறது. இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுத்து சர்க்கரை நோயைக் கூப்பிடுகிறது. பி.பி., சர்க்கரை இரண்டும் சிறுநீரகத்துக்குப் பரம எதிரிகள் என்பது உங்களுக்கே தெரியும்.

'அப்படியானால் பி.பி.யும் சர்க்கரையும் இல்லாத குண்டானவர் தப்பித்துவிடுவாரா?' என்று கேட்கிறீர்களா? கலிபோர்னியாவில் 3 லட்சத்து 20 ஆயிரம் பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து, 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சரியான எடை உள்ளவரைவிட, ஓரளவு எடை கூடியவருக்குச் சிறுநீரகம் முழுதாகச் செயலிழக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பருமன் என்று சொல்லும் நிலையில் உள்ளவருக்கு மூன்றரை மடங்கு. மிகப் பெரிய உடம்புக்காரருக்கு ஏழு மடங்கு! பி.பி., சர்க்கரை இரண்டையும் கழித்துக் கணக்குப் போட்ட பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை.

பயந்துவிடாதீர்கள். குண்டாக இருக்கும் எல்லோருக்கும் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. பெரும்பாலானவர்களுக்குக் கெடுவதில்லை. ஆனால் யாருக்குக் கெடும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் டெஸ்ட் அவசியம் என்கிறேன்.

நெய்க்குறியில் ஒரு முத்து

சித்த மருத்துவத்தில் உடல் பருமனுக்கு 'அதிதூலம்' என்று பெயர். சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என்று உடலில் ஏழு தாதுக்கள். இதில் கொழுப்பு தன் அளவை மீறும்போது மற்றவை சீர்கெடுகின்றன என்பது எங்கள் பாடம்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில், தேரையர் சொன்ன நீர்க்குறி, நெய்க்குறி சோதனைகளைக் காலை வெயிலில் வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். விடியற்காலைச் சிறுநீரைக் கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்து, அசையாமல் வைத்து, ஒரு துளி நல்லெண்ணெய் விட வேண்டும். எண்ணெய் பாம்பு போல நீண்டால் வாதம், மோதிரம் போலப் பரவினால் பித்தம், முத்துப் போல நின்றால் கபம். முத்துக்குளித்துறைப் பிள்ளைகளான எங்களுக்கு அந்த மூன்றாவது மட்டும் மறக்கவே மறக்காது!

நீர்க்குறியில் ஐந்து விஷயங்கள் பார்ப்போம். நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல். இதில் 'நுரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். சிறுநீரில் நிற்கும் நுரையை ஒரு குறியாக எடுத்துக்கொண்டு நம் முன்னோர் உற்றுப் பார்த்திருக்கிறார்கள். புரதம் என்ற பெயர் அவர்களுக்குத் தெரியாது. இன்று நமக்குத் தெரிகிறது. அதை அளக்கவும் முடிகிறது. அளக்கும் வசதி வந்த பிறகும் கண்ணால் மட்டும் பார்த்து மருந்து கொடுப்பது தேரையருக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்பது என் கட்சி.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பதினைந்து வருஷங்களுக்கு முன்னால் ஓர் அம்மா எடை குறைக்க மருந்து கேட்டு வந்தார். நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன், குடிநீர் எழுதிக் கொடுத்தேன். சிறுநீர் டெஸ்ட் எழுதவில்லை. கால் லேசாக வீங்கியிருந்ததை 'கனத்த உடம்பு, நின்று சமைப்பதால் வரும்' என்று நினைத்துவிட்டேன். மூன்று மாதத்தில் எடை குறைந்தது என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனவர், அடுத்த வருஷம் டயாலிசிஸில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். என் மருந்தால் கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர் என் முன்னால் உட்கார்ந்திருந்த அன்றைக்கே ஒரு சின்ன டெஸ்ட் அதைக் காட்டிக்கொடுத்திருக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷினோடு கட்டிப்போட்ட வாழ்க்கையைச் சில வருஷமாவது தள்ளிப்போட்டிருக்கலாம். அன்றிலிருந்து, எடை குறைக்க வருகிற யாருக்கும் டெஸ்ட் பார்க்காமல் நான் மருந்து கொடுப்பதில்லை.

எவ்வளவு எடை இருந்தால் அதிகம்?

எடையை கிலோவில் எழுதிக்கொள்ளுங்கள். உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதாலேயே பெருக்குங்கள். எடையை அந்தத் தொகையால் வகுங்கள். நம் சாகுபுரத்து அன்பருக்கு 1.68-ஐ 1.68-ஆல் பெருக்கினால் 2.82. 86-ஐ அதனால் வகுத்தால் 30.5.

இந்தியர்களுக்கு இந்த எண் 23-க்குள் இருப்பது நல்லது. 23-ஐத் தாண்டினால் எடை அதிகம், 25-ஐத் தாண்டினால் பருமன். வெள்ளைக்காரர்களுக்கு இதைவிடக் கொஞ்சம் தாராளமான கணக்கு உண்டு. நமக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்துவிடுவதால் கணக்கைச் சுருக்கியிருக்கிறார்கள். 

வகுத்தல் கணக்கு வராதவர்கள் தையல் டேப்பை எடுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது. கை கால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இது ஏதோ நாலு பேர் பிரச்னை அல்ல. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் எடை கூடியவர்கள்.

எந்த டெஸ்ட்? எப்போது?

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், எடை கூடியவர்கள், பி.பி. அல்லது சர்க்கரை உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரக நோய் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை இதைச் செய்துகொள்ளுங்கள்.

* பி.பி. பார்ப்பது.

* சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம். 30-க்குள் இருந்தால் நல்லது. 30-லிருந்து 300 வரை ஆரம்ப எச்சரிக்கை. 300-க்கு மேல் போனால் உடனே கவனிக்க வேண்டும்.

* ரத்தத்தில் கிரியேட்டினின். இதை மட்டும் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று நிம்மதி அடையாதீர்கள். சிறுநீரகத்தின் சக்தி பாதி போன பிறகுதான் பலருக்கு இது ஏறவே ஆரம்பிக்கும். கூடவே 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அது மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பொருள்.

செலவுக்கு யோசிக்க வேண்டியதில்லை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை பார்க்கிறார்கள். 2023-ல் சேலத்தில் தொடங்கிய 'சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம்' மூலம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிறுநீரில் புரதம் பார்க்க வழி செய்திருக்கிறார்கள். கௌரவம் பார்க்காமல் போய் வாருங்கள்.

இளைக்க வைக்கும் மருந்தே எமனாகலாம்!

இது நான் மிகவும் யோசித்து எழுதும் பகுதி. மூலிகை வைத்தியன் நானே சொல்கிறேன். 'மூலிகைதானே, பக்க விளைவு கிடையாது' என்ற பேச்சை நம்பாதீர்கள்.

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில், எடை குறைக்கும் கிளினிக் ஒன்றில் சீன மூலிகை கலந்த மாத்திரை கொடுத்தார்கள். இளம் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். காரணம், பெயர்க் குழப்பத்தால் ஒரு மூலிகைக்குப் பதிலாக வேறொன்று கலந்துவிட்டதுதான். அதில் இருந்த அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அரித்துவிட்டது. அது புற்றுநோயையும் உண்டாக்கும். அந்த இனச் செடிகள் நம் ஊரிலும் உண்டு. ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி இரண்டும் அந்தக் குடும்பம்தான். எங்கள் நூல்களில் இருக்கிற மூலிகைகள் என்பதற்காக இதை நான் மறைக்க மாட்டேன். இவற்றை வாங்கி வீட்டில் இடித்துக் குடிக்காதீர்கள்.

பக்கத்துக் கேரளத்தில் கொழுப்பைக் கரைக்கும் என்று நம்பி இலும்பன் புளியைச் சாறு பிழிந்து குடித்த பத்துப் பேருக்குத் திடீரென்று சிறுநீரகம் பழுதான விவரம் 2013-ல் மருத்துவ இதழில் வெளிவந்தது. அதில் உள்ள ஆக்சலேட் உப்புதான் காரணம். குழம்பில் இரண்டு காய் போடுவது வேறு, டம்ளர் டம்ளராகக் குடிப்பது வேறு.

வாழைத்தண்டுச் சாறு, இளநீர், மூக்கிரட்டை, சிறுபீளை... எல்லாம் நல்லவைதான், சிறுநீரகம் நன்றாக இருக்கும்வரை. அது பழுதானவருக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடலாம். டெஸ்ட் பார்க்காமல் தினமும் குடிக்காதீர்கள். லேபிளும் லைசென்ஸ் நம்பரும் இல்லாத பொடி, பற்பம், செந்தூரம் எதையும் வாங்காதீர்கள்.

இன்னொரு விஷயம். கனத்த உடம்புக்காரர்களுக்கு முழங்கால் வலி வரும். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போடுவார்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். எடையால் ஏற்கெனவே தவிக்கும் சிறுநீரகத்துக்கு இது இன்னொரு அடி.

'எடை குறைக்க ஊசி வந்திருக்காமே?' என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். செமாகுளூடைடு என்ற ஊசி மருந்து, சர்க்கரையும் சிறுநீரக நோயும் சேர்ந்து உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் மேலும் கெடுவதைக் குறைக்கிறது என்று 2024-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. நல்ல செய்திதான். ஆனால் அது யாருக்குத் தேவை என்று உங்கள் அலோபதி டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் ஊர்ச் சாப்பாட்டிலேயே வழி இருக்கிறது

முதலில் உப்பு. உப்பு விளையும் சீமையில் இருந்துகொண்டு உப்பைக் குறை என்கிறானே என்று சிரிக்காதீர்கள்! ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் சராசரியாக 8 கிராம் சாப்பிடுகிறோம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர்... இந்த நான்கையும் தினப்படி தட்டிலிருந்து விலக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். கருவாடு இல்லாமல் இருக்க முடியாதவர்கள் மாதத்துக்கு ஒரு நாள், நன்றாக ஊறவைத்து அலசிச் சாப்பிடுங்கள்.

இரண்டாவது தட்டு. பாதித் தட்டுக்குக் காய், கீரை. கால் தட்டுக்குச் சோறு. மீதிக் கால் தட்டுக்குப் பருப்பு அல்லது மீன். சாளையும் நெத்திலியும் விலை மலிவு, சத்து அதிகம். பொரிக்காமல் குழம்பு வையுங்கள்.

மூன்றாவது இனிப்பு. 'நாங்க சீனி போடுறதில்ல டாக்டர், கருப்பட்டிதான்' என்று பெருமையாகச் சொல்வார்கள். கருப்பட்டியிலும் சர்க்கரைதான் இருக்கிறது. நாலு வேளைக் காப்பியை இரண்டாகக் குறைத்து, கருப்பட்டியைப் பாதியாக்குங்கள். தூத்துக்குடி மக்ரூன் பாக்கெட்டை விருந்தாளி வரும் அன்றைக்கு மட்டும் பிரியுங்கள்.

'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது சரிதான். ஆனால் மூன்று வேளைச் சோற்றுக்கு மேல் நாலாவதாகக் கொள்ளுக் கஞ்சி குடித்தால் உடம்பு எப்படிக் குறையும்? ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாகத்தான் அது இருக்க வேண்டும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் பருப்பு, பயறு, பழம், கீரை எல்லாவற்றுக்கும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலாவது நடை. வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி நேரம். பாட்டு பாட முடியாத, ஆனால் பேச முடிகிற வேகம். பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறைக்கிற வேலை வேண்டாம். மாதம் ஒன்று, ஒன்றரை கிலோ போதும்.

அந்தத் தம்பதி என்ன ஆனார்கள்?

மறுவாரம் ரிப்போர்ட்டோடு வந்தார்கள். கிரியேட்டினின் 1.2, அதாவது பார்வைக்கு நார்மல். ஆனால் சிறுநீர் ஆல்புமின் 210. சர்க்கரையும் எல்லையில் வந்து நின்றது. அந்த அம்மா ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லவேளை, பொடியக் குடுத்து அனுப்பாம விட்டீக" என்றார் மெதுவாக.

திருநெல்வேலியில் ஒரு சிறுநீரக டாக்டரிடம் அனுப்பினேன். பி.பி. மாத்திரை ஆரம்பித்தார். மாத்திரையை அவர் பார்த்துக்கொண்டார், சாப்பாட்டையும் நடையையும் நான் பார்த்துக்கொண்டேன். கணவனும் மனைவியும் சேர்ந்தே நடந்தார்கள். எட்டு மாதத்தில் எடை 79 கிலோ. பி.பி. 132/84. சிறுநீர் ஆல்புமின் 90. இன்னும் 30-க்குள் வரவில்லை. வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவும் இல்லை. ஆனால் போகிற திசை மாறிவிட்டது. முதல் ஐந்து கிலோ குறையும்போதே சிறுநீரகத்தின் மேல் இருந்த பாரம் இறங்க ஆரம்பித்துவிடுகிறது.

தழும்பேறிய வடிகட்டியை எந்த வைத்தியத்தாலும், சித்தமானாலும் அலோபதியானாலும், திரும்ப உயிர்ப்பிக்க முடியாது. மிச்சமிருப்பதைக் காப்பாற்ற முடியும். அதற்குச் சீக்கிரம் தெரிய வேண்டும்.

அதனால் இந்தப் பக்கத்தை மூடி வைத்ததும் தையல் டேப்பை எடுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் இடுப்பையும் அளந்து, காலண்டரின் பின்பக்கம் எழுதி வையுங்கள். நாளைக் காலையில் பாத்ரூமில் நுரை நிற்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். நின்றால், சோப்புப் பவுடர் மேல் பழியைப் போடாதீர்கள். டெஸ்டுக்குப் போங்கள்!